எங்கள் தோட்டத்தின் அடையாளம் எங்கள் கையாலேயே ஆகட்டும்

(எமது சங்கத் தோட்டக் குழுவின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வரமுடியாமற் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் ஒரு ஓவியன் இல்லை. ஊரில் ஏ.எல். சோதனை எழுதியதோடு என்ரை படிப்பு முடிஞ்சுது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு லேபல் அச்சடிக்கிற ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். தயிர்ப் பேணி, ஜாம் போத்தல், கோழி இறைச்சிப் பக்கற் இப்படி எல்லாத்திலையும் ஒட்டுகிற லேபல்கள். மெசினிலிருந்து ஓடி வருகிற லேபலில் பிழை இருக்குதோ என்று பார்ப்பதுதான் எனது வேலை. ஓர் இரவில் எத்தனை ஆயிரம் சின்னங்கள் என் கண்ணுக்கு முன்னாலே ஓடும் என்று கணக்கில்லை. அதனால்தான், "தோட்டத்துக்கு ஒரு சின்னம் வேணும், அதைப் பற்றி நீர் கொஞ்சம் பேசும்" என்று தலைவர் கேட்டபோது ஓம் என்று சொன்னேன்.

முதலில், ஏன் இப்போது சின்னம் என்ற கேள்விக்கு வருகிறேன். "கீரைக்கு என்னத்துக்குத் தம்பி சின்னம்? வெட்டிக் கழுவிச் சமைச்சால் போச்சு" என்று ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கட தோட்டம் இருக்கிற நிலம் கவுன்சிலின் நிலம். ஐந்து வருட உடன்படிக்கை. அது அடுத்த வருடம் பங்குனியோடு முடியுது. புதுப்பிக்கிற படிவத்தில் ஒரு கேள்வி இருக்கு: இந்த நிலத்தால் சுற்றுவட்டார மக்களுக்கு என்ன பயன்? பயன் இல்லையென்று ஆரும் சொல்லேலாது. சனிக்கிழமைகளில் ஆரும் வந்து கொத்தலாம், நடலாம். மிஞ்சுகிற மரக்கறி உணவு வங்கிக்குப் போகுது. ஆனால் கேற்றில் என்ன தொங்குது? "அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று கவுன்சில் அடிச்ச தகரம் ஒன்று. பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிற ஒரு சோமாலியத் தாய் இரண்டு வருடமாக எங்கட வேலிக்கரையாலை பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய் வந்தவ. போன ஆவணியில்தான் கேட்டவ, "இது உங்கட ஆக்களுக்கு மட்டும் உரிய இடமோ?" என்று. கேற்றைப் பார்த்தால் அப்படித்தானே தெரியும்.

ஆகவே இந்தச் சின்னம் அலங்காரத்துக்கு என்று நினைக்காதேங்கோ. இந்த நிலம் எங்களிடம் தங்குமோ என்பதிலும் அதுக்கு ஒரு பங்கு இருக்கு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவை இரண்டு மூன்று பேர் இந்தத் தோட்டத்திலை நிக்கினம். ஒரு நிலம் கையைவிட்டுப் போனது எப்படியிருக்கும் என்று அவையளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது முறையும் அது நடக்கக் கூடாது.

சின்னம் என்பது எங்களுக்குப் புதுச் சாமானும் இல்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். ஆயிரம் மாடு ஒன்றாக மேய்ந்தாலும் குறியைப் பார்த்து இது இன்னாருடைய மாடு என்று சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு எல்லோரும் சொல்லுகிற "பிராண்ட்" என்ற ஆங்கிலச் சொல்லும் சுடுவது என்ற கருத்திலிருந்துதான் வந்தது. வெள்ளைக்காரனும் மாட்டிலிருந்துதான் தொடங்கியிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் அண்ணா கோப்பி என்றால் இணுவில் என்று தெரியும். மில்க்வைற் சவர்க்காரம் என்றால், பனங்கொட்டை நடச் சொல்லி ஊரெல்லாம் திரிந்த கனகராசா ஐயாவின் ஞாபகம் வரும். பெயரைக் கேட்டவுடன் ஆள் ஞாபகத்துக்கு வரவேணும். அதுதான் நல்ல சின்னத்தின் வேலை.

தோட்டச் சாமானுக்குப் படம் வரைந்த கதை அமெரிக்காவில் இருக்கு. கலிபோர்னியாவில் 1880களிலிருந்து தோடம்பழத்தை மரப்பெட்டியில் அடைத்து ரயிலில் ஏற்றினார்கள். நியூயோர்க் போன்ற கிழக்குப் பக்கத்து நகரங்களில் அந்தப் பெட்டிகள் ஏலத்தில் போகும். வாங்குகிறவனுக்குத் தோட்டத்தையும் தெரியாது, தோட்டக்காரனையும் தெரியாது. அதனால் பெட்டியின் முகப்பில் கைவேலைப் படம் அச்சிட்ட லேபல் ஒட்டினார்கள். மலை, பறவை, பெண்பிள்ளை, பழத்தோட்டம் என்று எத்தனையோ விதம். 1950களில் மரப்பெட்டி போய் மட்டைப்பெட்டி வர அந்த லேபல்களும் போயிட்டுது. இப்போது அவற்றைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த நாட்டிலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. பூந்தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாத்தையும் கொத்தி மரக்கறி போடச் சொன்னது அரசாங்கம். அதுக்கு என்ன செய்தார்கள்? ஒரு கரட்டுக்குக் கையும் காலும் வரைந்து, கையில் வைத்தியர் பை ஒன்று குடுத்து "டொக்டர் கரட்" என்று பெயர் வைத்தார்கள். உருளைக்கிழங்குக்கு "பொட்டேற்றோ பீற்" என்று பெயர். பெரிய மந்திரியின்ரை படத்தைவிட அந்தக் கரட்டும் கிழங்கும் சனத்தின்ரை குசினிக்குள்ளே போனது.

இன்னும் கிட்ட வருவம். கிழக்கு லண்டனில் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நகரப் பண்ணை என்று ஒன்று இருக்கு. ரயில் சரக்கு நிலையமாக இருந்து பிறகு சும்மா கிடந்த நிலத்தில் 1978 இல் தொடங்கியது. அங்கே லுத்புன் ஹுசைன் என்ற வங்காளப் பெண்மணி மற்றப் பெண்களையும் சேர்த்து மல்லி, சுரைக்காய் எல்லாம் வளர்த்தவ. அந்தக் குழுவின் பெயர் என்ன தெரியுமோ? "கொறியாண்டர் கிளப்". கொத்தமல்லிக் கழகம். நாட்டுப் பெயர் இல்லை, மதப் பெயர் இல்லை. பாத்தியில் என்ன நிக்குதோ அதுதான் பெயர். மல்லி மணம் பிடிக்கிற எவரும் உள்ளே வரலாம். எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறதாகப் படுகுது.

சரி, எங்கட விசயத்துக்கு வருவம். இதுவரை குழுவுக்கு வந்த யோசனைகள் பல. பெரும்பாலானோர் சொன்னது பனை. பனை எனக்கும் உயிர்தான். பனங்கிழங்கு தின்று வளர்ந்த ஆள் நான். ஆனால் எங்கட தோட்டத்தில் பனை இல்லை, இந்தக் குளிரில் வரவும் மாட்டாது. தொழிற்சாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், லேபலில் இருக்கிறது உள்ளே இருக்கவேணும் என்பது. படத்தில் ஸ்ரோபரி போட்டால் போத்தலுக்குள்ளே ஸ்ரோபரி இருக்கவேணும். பனையை வரைந்துவிட்டு வெந்தயக்கீரை குடுத்தால், வாங்குகிறவர் எங்கட துக்கத்தைத்தான் வாங்குவார், தோட்டத்தை இல்லை. பனை சங்கத்தின் கடிதத் தலைப்பில் இருக்கு. அங்கேயே நிமிர்ந்து நிக்கட்டும்.

இரண்டு தம்பிமார் கார்த்திகைப்பூவைச் சொன்னார்கள். அவர்களின் மனது எனக்கு விளங்குது. ஆனால் ஒன்றை யோசியுங்கோ. அந்தச் செடியின் கிழங்கிலிருந்து இலை வரைக்கும் நஞ்சு. கொல்சிசின் என்ற நஞ்சு அது. சாப்பாட்டுச் சாமான் போகிற பையில் நஞ்சுச் செடியின் படம் போடுவது தோட்டக்காரனுக்குப் பொருந்தாது. விளக்கேற்றித் தலைகுனிகிற இடத்தில் அதன் மரியாதை அதுக்கு இருக்கு. கீரைப் பையில் அந்த மரியாதை கிடையாது.

அடுத்தது காசு குடுத்துச் செய்விப்பது. ஒரு வடிவமைப்பு நிறுவனம் 1,200 பவுண் கேட்டது. அந்தக் காசுக்கு இன்னொரு பொலித்தீன் கூடாரமே போடலாம். "இப்ப போனிலை கேட்டால் கொம்பியூட்டரே ஒரு நிமிசத்திலை கீறித் தரும்" என்றார் ஒரு தம்பி. கேட்டுப் பார்த்தோம். வடிவான படம்தான் தந்தது. ஆனால் அது எந்த ஊர்க் கீரை என்று எங்கட அம்மாமார் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கீழே தமிழில் "தோட்டம்" என்று போடச் சொன்னால் எங்கட நெடுங்கணக்கில் இல்லாத ஓர் எழுத்தைப் போட்டு விட்டுது.

இனி நான் சொல்ல வந்த யோசனை. ஒரு கை. அந்தக் கையில் ஒரு பிடி கீரை. அவ்வளவுதான்.

ஊரில் சந்தையில் எப்படிக் கேட்பம்? ஒரு பிடி கீரை என்னவிலை என்றுதானே. எங்கட தோட்டத்திலும் தராசு இல்லை, பிடிதான் கணக்கு. கையைக் கறுப்புக் கோட்டால் மட்டும் வரைந்து உள்ளே நிறம் தீட்டாமல் விட்டால் அது எந்த நாட்டுக் கை என்று ஆரும் சொல்லேலாது. அந்தச் சோமாலியத் தாயின்ரை கையாகவும் இருக்கலாம், கிழமைக்கு ஒருநாள் வந்து உரம் கிளறுகிற ஐரிஷ்காரக் கிழவரின்ரை கையாகவும் இருக்கலாம். அதோடு கை மாறாது, பிடித்திருக்கிறது மாறலாம். ஆனியில் வெந்தயக்கீரை, ஆடியில் முளைக்கீரை, ஆவணியில் கூடாரத்துப் பாவற்காய், ஐப்பசியில் பூசணி, மார்கழிக் குளிரில் லீக்ஸ். என்ன விளையுதோ அதை அந்தக் கை பிடிச்சிருக்கும். லேபலில் இருக்கிறது உள்ளேயும் இருக்கும்.

எப்படி வரைவது என்று இனிச் சொல்கிறேன். இது என் தொழிலோடு சம்பந்தப்பட்டபடியால் கொஞ்சம் விபரமாகச் சொல்ல விடுங்கோ.

முதலாவது, நிறம். அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பிளேற் வேணும். நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். ஒரு நிறம் மற்ற நிறத்தின் மேல் சரியாக உட்காராமல் மயிரளவு விலகினாலும் படம் இரட்டையாகத் தெரியும். நான் இரவிரவாகத் தேடுகிற பிழைகளில் அதுவும் ஒன்று. ஆகவே ஒரே நிறம். கறுப்பில் நல்லாயிருக்கிற படம் பச்சையிலும் மண்நிறத்திலும் நல்லாயிருக்கும். பச்சை நிறத்தால் மட்டும் பிழைச்சு நிக்கிற படம் போட்டோக்கொப்பி எடுத்தவுடன் செத்துப்போகும்.

இரண்டாவது, அளவு. ஏ4 கடதாசி நிறையப் பெரிதாக வரையவேணும். பிறகு சின்னதாக்கலாம். பெரிதாக வரைந்து சுருக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும். ஆனால் கோடும் சுருங்கும் என்பதை மறக்கக்கூடாது. 20 சென்ரிமீற்றர் உயரப் படத்தை விதைப் பக்கற்றுக்காக 2 சென்ரிமீற்றர் ஆக்கினால், 3 மில்லிமீற்றர்க் கோடு 0.3 மில்லிமீற்றர் ஆகும். அதிலும் மெல்லியது என்றால் மலிவுக் கடதாசியில் உடைஞ்சு போகும். மாறாக, கீரை இலைகளுக்கு நடுவில் விடுகிற வெள்ளை இடைவெளி சின்னதென்றால் மை பரவி அடைச்சுப்போடும். எனவே இலை ஐந்தோ ஆறோ போதும். முப்பது இலை வரைந்தால் கறுப்புக் குண்டு ஒன்றுதான் மிஞ்சும்.

மூன்றாவது, தூரம். வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து யார் தள்ளி நின்று பாருங்கோ. பஸ்சில் போகிறவருக்கு அது கை என்று தெரியவேணும்.

நான்காவது, தொலைபேசிச் சோதனை. பார்க்காத ஆளுக்குத் தொலைபேசியில் ஒரே வசனத்தில் சொல்லக்கூடியதாக இருக்கவேணும். ஊரில் எழுத்தறியாத ஆச்சிமாரும் "வீட்டுக்குப் போடு, சைக்கிளுக்குப் போடு" என்று சின்னத்தைச் சொல்லித்தானே வாக்குப் போட்டவை. இந்த நாட்டில் முதலாம் இலக்கமாகப் பதிவான வியாபாரச் சின்னம் 1876 இல் ஒரு சிவப்பு முக்கோணம். பியர்க் கம்பனியின்ரை, மன்னிக்கவேணும். ஆனால் அதை மறக்கிறது கஷ்டம், பாருங்கோ. "கையிலை ஒரு பிடி கீரை" என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

வரைகிற முறை சுகமானது. தோட்டத்து அம்மா ஒருவர் கீரையைப் பிடிக்க, போனில் படம் எடுத்து ஏ4 அளவில் பெரிதாக அடிக்கவேணும். பகல் வெளிச்சத்தில் யன்னல் கண்ணாடியில் அதை ஒட்டி, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் எடுக்கவேணும். பிறகு தடித்த கறுப்பு மாக்கரால் கோட்டை உறுதிப்படுத்தி, நூலகத்து மெசினில் 600 புள்ளியில் கறுப்பு வெள்ளையாக ஸ்கான் செய்யவேணும். இங்க்ஸ்கேப் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கு. அதில் போட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாத படமாக மாத்தலாம். இதைச் செய்ய எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளே போதும்.

விரல் வளைஞ்சிருந்தால் வளைஞ்சபடியே வரையுங்கோ. நகத்திடுக்கில் மண் இருந்தால் இருக்கட்டும். அதை அழகாக்கி நேராக்கி விட்டால் சவர்க்கார விளம்பரத்துக் கை ஆகிப்போகும்.

பருவத்துக்கு மாறுகிற கீரையையும் காயையும் சின்னப்பிள்ளைகள் முத்திரையாக வெட்டட்டும். எங்கட சொந்த உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, ஈரத்தைத் துடைச்சு, தேவையில்லாத பகுதியைச் செதுக்கி எடுத்தால் மண்நிறக் கடதாசிப் பையில் பதிக்க அருமையான அச்சு. ஒரு நாள்தான் தாங்கும், அடுத்த நாள் சுருங்கிவிடும். கிழங்குக்கு எங்களிடம் பஞ்சமில்லையே. நிரந்தரமாக வேணுமென்றால் லினோலியத்தில் வெட்டலாம். கவனம், அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழும். எழுத்து வெட்டுகிறதென்றால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பி வெட்டவேணும்.

எழுத்து என்றதும் முக்கியமான ஒன்று. கீழே "தோட்டம்" என்று தமிழிலும் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதவேணும், இரண்டும் ஒரே உயரத்தில். தமிழில் இரண்டு ஆபத்து இருக்கு. ஒன்று, சுழிகள் சின்னதாக இருந்தால் அடைபடும். மற்றது, புள்ளி. புள்ளி சின்னதாக இருந்தால் அச்சில் விழாமலே போயிடும். அப்ப "தோட்டம்" என்பது "தோடடம" ஆகிவிடும். ஆகவே புள்ளியைக் கீரை விதை மாதிரி இல்லாமல் மல்லிக்கொட்டை மாதிரிப் போடுங்கோ. கொம்பியூட்டரிலுள்ள எழுத்துரு வேண்டாம் என்பது என் கருத்து. விசயதசமியில் அரிசியில் "அ" எழுதி ஏடு தொடக்கிய ஆக்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீங்கள். உங்களில் ஒருவரின் கையெழுத்து இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் தமிழ் வாசிக்கிறது குறைவு என்று கவலைப்படுகிறோம். கேற்றில் ஆச்சியின்ரை கையெழுத்து இருந்தால் அந்த ஒரு சொல்லையாவது ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசிப்பார்கள்.

கடைசியாக ஒரு சட்ட விசயம். இந்த நாட்டில் 1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் வரைந்தவருக்குத்தான் அதன் உரிமை. அவர் வாழும் காலம் முழுதும், அதுக்குப் பிறகு 70 வருடமும். சங்கத்துக்கு மாற்றுவதென்றால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்கவேணும், வாயால் சொன்னது செல்லாது. நாங்கள் எல்லாரும் சொந்தக்காரர்தானே, என்னத்துக்கு எழுத்து என்று கேட்காதேங்கோ. எங்கட சங்கங்கள் எத்தனை தரம் உடைஞ்சது, எத்தனை பேர் பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு போனது என்று உங்களுக்கே தெரியும். வரைகிறவர், எழுத்து எழுதுகிறவர், கை குடுக்கிற அம்மா, மூன்று பேரின் பெயரையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, உரிமையைத் தோட்டக் குழுவுக்கு எழுதி வாங்குவம். அவர்களின் பெயர் மறக்கப்படவும் கூடாது, படம் வழக்கு மன்றம் போகவும் கூடாது.

செலவு என்று பார்த்தால் மாக்கர் பேனை, கடதாசி, கேற்றுக்கு ஒரு பலகை, பெயின்ற். பலகையை நானே வெட்டித் தருகிறேன். சித்திரைப் புத்தாண்டு கழிந்த முதற் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்டத்தில் கூடுவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பக்கத்து அடுக்குமாடிக் கதவுகளைத் தட்டி அவர்களையும் கேட்போம். எல்லாரும் வரையட்டும். எது வடிவு என்று பார்க்காமல், எது பத்து யார் தூரத்தில் கையாகத் தெரியுது என்று பார்த்துத் தெரிவு செய்வோம். வைகாசி நடுப்பகுதியில் உறைபனி முடிந்து கன்றுகளை வெளியிலே நடுகிறபோது, அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் எங்கட பலகையும் ஏறவேணும். படிவத்தில் "இந்த நிலத்தால் என்ன பயன்" என்ற கேள்விக்கு விடை எழுதும்போது அந்தப் பலகையின் படத்தையும் கேற்றுக்குள்ளே நிக்கிற சனத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புவோம்.

இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள். சனிக்கிழமை வரும்போது கையைக் கழுவாமல் வாங்கோ.